வஹாகா: மலை உச்சி ஊரிலிருந்து செஞ்சாய நகரம் வரை — அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வஹாகா எங்கே இருக்கிறது?

மெக்சிகோவின் தெற்கில், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரம். இந்தப் பள்ளத்தாக்கு மூன்று கிளைகளாகப் பிரியும்: வடமேற்கே எத்லா, கிழக்கே த்லகொலூலா, தெற்கே சிமத்லான். மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் இன்றைய வஹாகா நகரம் இருக்கிறது, அதற்கு மேற்கே மலை உச்சியில் மோந்தே அல்பான் என்ற பழைய தலைநகரம். வரைபடத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இங்கே 2,500 வருடமாக அதிகாரத்தைப் பிடித்தவர்கள் எல்லாரும் இந்த ஒரே சந்திப்பைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

1532-இல் ஸ்பானியர்கள் நிறுவிய நகரம் என்றுதானே எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது?

1532 ஏப்ரல் 25 என்பது, ஸ்பெயின் அரசர் ஐந்தாம் சார்லஸ் இந்தக் குடியிருப்புக்கு "நகரம்" என்ற அந்தஸ்தைக் கொடுத்த நாள். காகிதத்தில் அது சரியான தேதி. ஆனால் அந்தக் காகிதம் வந்தபோது ஃபோர்த்தீன் மேட்டின் அடிவாரத்தில், மத்திய மெக்சிகோவை ஆண்ட அஸ்தெக் படையினரின் குடியிருப்பு ஏற்கெனவே இருந்தது, அதைச் சுற்றிலும் பூர்வகுடிகளான சபோதெக், மிஷ்தெக் மக்களின் ஊர்கள் இருந்தன, சந்தைகள் நடந்துகொண்டிருந்தன, வயல்களுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அதனால் "நிறுவினார்கள்" என்ற சொல்லோடு எனக்கு ஒத்துப்போகவே முடியவில்லை. ஸ்பானியர்கள் ஒரு தெரு அமைப்பைப் போட்டார்கள், ஒரு சபையை அமைத்தார்கள், பெயரை மாற்றி "அந்தெகேரா" என்று வைத்தார்கள். அந்தப் பெயரும் நிலைக்கவில்லை, அஸ்தெக்குகள் பேசிய நவாத் மொழியில் இருந்த பழைய பெயரின் மிச்சமான வஹாகாவே கடைசியில் ஜெயித்தது.

அப்படியானால் அங்கே முதலில் இருந்தவர்கள் யார்?

மிகப் பழைய தடயம் மித்லா ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கிலா நகீட்ஸ் என்ற குகையில் கிடைத்தது. அங்கே எடுத்த பூசணி விதைகள் சுமார் 10,000 வருடம் பழையவை, அதே குகையில் கிடைத்த மக்காச்சோளக் கதிர்த் துண்டுகள் 6,000 வருடத்துக்கும் முந்தியவை. அதாவது அமெரிக்கக் கண்டத்தில் விவசாயம் தொடங்கியதற்கான ஆரம்பகாலச் சான்றுகளில் சில இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன.

அப்புறம் எத்லா கிளையில் சான் ஹொசே மொகோத்தே என்ற ஊர் வளர்ந்தது. மோந்தே அல்பானுக்கு முன்னால் பள்ளத்தாக்கிலேயே பெரிய ஊர் அதுதான். அங்கே ஒரு கல் கிடைத்தது: கொல்லப்பட்ட ஒரு மனிதனின் உருவம், கால்களுக்கு நடுவில் 260 நாள் நாட்காட்டியில் வரும் ஒரு நாளின் குறி. பிறந்த நாளின் பெயரையே ஆளுக்கு வைக்கும் வழக்கம் இருந்ததால், அது அவனுடைய பெயராக இருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அதன் சரியான காலம் பற்றி இன்னும் வாதம் இருக்கிறது, இருந்தாலும் மெசோஅமெரிக்காவில், அதாவது பழைய மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியில், எழுத்து எப்படித் தொடங்கியது என்று பேசும்போது அந்தக் கல்லைத் தவிர்க்க முடியாது.

தண்ணீரே இல்லாத மலை உச்சியில் போய் ஏன் தலைநகரம் கட்டினார்கள்?

இது மிக நல்ல கேள்வி, இதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. கி.மு. 500 வாக்கில், தரையிலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில், மலையின் தலையைச் சமப்படுத்தி சபோதெக்குகள் மோந்தே அல்பானைத் தொடங்கினார்கள். அங்கே ஆறு கிடையாது, நல்ல விளைநிலம் கிடையாது. ஆனால் மூன்று கிளைகளும் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும், எந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் தெரிந்துவிடும். அந்தச் சமயத்தில் பள்ளத்தாக்கில் ஊர்களுக்குள் சண்டை நடந்ததற்கான அடையாளங்கள் இருக்கின்றன, சான் ஹொசே மொகோத்தேவில் ஒரு கோயில் எரிக்கப்பட்டிருக்கிறது. அதனால் பாதுகாப்புக்காகவும், ஏதாவது ஒரு கிளைக்கு மட்டும் சொந்தமாகாத பொது இடமாகவும் அதைத் தேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவது காரணம்தான் கனமாகப் படுகிறது. பாதுகாப்பு மட்டுமே நோக்கம் என்றால் ஒவ்வொரு கிளைக்காரர்களும் தங்கள் பக்கத்து மலையிலேயே ஏறியிருக்கலாம். எல்லாரும் சேர்ந்து நடுவில் இருக்கும் மலையில் ஏற வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஏதோ ஒரு உடன்பாடு வந்திருக்க வேண்டும்.

மலையின் சரிவுகளை வெட்டி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படித்தளங்கள் அமைத்து அதில் வீடுகள் கட்டினார்கள். மழைநீரைத் தேக்கினார்கள், உணவைக் கீழேயிருந்து சுமந்துகொண்டு ஏறினார்கள். உச்சக்கட்டத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வாழ்ந்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. நடுவில் சுமார் 300 மீட்டர் நீளமுள்ள பெரிய திடல், அதைச் சுற்றிக் கோயில் மேடைகள், பந்து விளையாட்டுக் களம், அம்பு முனை மாதிரி கோணலாக நிற்கும் ஒரு கட்டடம். மற்றவை எல்லாம் திசைக்கு நேராக நிற்கும்போது இது ஒன்று மட்டும் திரும்பி நிற்கிறது. அதன் சுவரில் இருக்கும் கற்கள் வென்ற ஊர்களின் பெயர்ப் பட்டியல் என்று வெகுகாலமாக வாசிக்கப்பட்டு வருகின்றன.

"நடனக்காரர்கள்" கற்கள் என்கிறார்களே, அவை நடனமா?

இல்லை. முன்னூறுக்கும் மேற்பட்ட கற்பலகைகள், அவற்றில் ஆடையில்லாமல், கண் மூடி, வாய் பிளந்து, கைகால்கள் முறுக்கிக் கிடக்கும் ஆண்கள். முதலில் பார்த்தவர்கள் கைகால்களின் நெளிவை வைத்து நடனம் என்று நினைத்துவிட்டார்கள், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் இவற்றைக் கொல்லப்பட்ட போர்க் கைதிகளாகப் பார்க்கிறார்கள். சிலர் உடலிலிருந்து இரத்தம் எடுத்துப் படைக்கும் சடங்கு என்றும் வாதிடுகிறார்கள். எப்படியிருந்தாலும் திருவிழாக் காட்சி இல்லை.

மோந்தே அல்பான் ஏன் கைவிடப்பட்டது?

கி.பி. 800-ஐ ஒட்டி அந்தத் திடலைப் பராமரிக்கும் அரசு கலைந்துபோனது. ஆனால் மக்கள் காணாமல் போகவில்லை. சுற்றுலாப் பலகைகளில் வரும் "மறைந்த நாகரிகம்" என்ற பேச்சு எனக்குக் கோபம் வரவழைக்கும் ஒன்று, சபோதெக் மொழிகளை இன்றும் லட்சக்கணக்கானவர்கள் பேசுகிறார்கள். நடந்தது இதுதான்: ஒரே தலைநகரத்துக்குப் பதில் சாச்சிலா, மித்லா, குயிலாபான் என்று பல சிற்றரசுகள் எழுந்தன. மேற்கிலிருந்து மிஷ்தெக் அரச குடும்பங்கள் திருமண உறவு வழியாகவும் சண்டை வழியாகவும் பள்ளத்தாக்குக்குள் வந்தன. மித்லாவின் சுவர்களில் சாந்தே இல்லாமல், வெட்டிய சிறு கற்களைப் பொருத்திச் செய்த வடிவங்கள் இந்தக் காலத்தவை.

ஏழாம் கல்லறை என்பது என்ன?

1932 ஜனவரியில் தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காசோ மோந்தே அல்பானில் திறந்த கல்லறை. அதைக் கட்டியவர்கள் சபோதெக்குகள், பல நூறு வருடம் கழித்து அதற்குள் தங்கள் பெரியவர்களை வைத்தவர்கள் மிஷ்தெக் மரபைச் சேர்ந்தவர்கள் என்பதுதான் வழக்கமான விளக்கம். தங்க மார்புப் பதக்கங்கள், வெள்ளி, பச்சைக்கல், முத்து, நீலப் பச்சைக்கல் பதித்த ஒரு மண்டை ஓடு, நூல் போல மெல்லியதாகச் செதுக்கிய எலும்புகள். ஸ்பானியர்கள் உருக்கிக் கட்டியாக்கிய பொன் எப்படி இருந்திருக்கும் என்று நாம் கண்ணால் பார்க்க முடிகிற மிகச் சில இடங்களில் இது ஒன்று.

அஸ்தெக்குகள் எப்போது வந்தார்கள்?

பதினைந்தாம் நூற்றாண்டின் பின்பாதியில். அவர்களுக்கு வேண்டியது தெற்கே தெவாந்தெபெக், சோகோனுஸ்கோ பக்கம் போகும் வணிகப் பாதை: கொக்கோ, இறகு, பருத்தி, அதோடு பள்ளத்தாக்கின் சிவப்புச் சாயம். அவித்சோத்ல் அரசன் காலத்தில் (1486–1502) பிடி இறுகியது, இன்று ஃபோர்த்தீன் என்று அழைக்கப்படும் மேட்டில் ஒரு காவல் படை நின்றது. சாச்சிலாவின் அரசன் கொசிஹொயேசா தெவாந்தெபெக் பக்கம் குயெங்கோலா மலைக்கோட்டையில் பல மாதம் தாக்குப்பிடித்தான் என்றும், கடைசியில் அவித்சோத்லின் மகளை மணந்து சமாதானம் ஆனான் என்றும் பழைய நூல்கள் சொல்கின்றன. அஸ்தெக்குகள் ஒரு தலைமுறைக்குள் போய்விட்டார்கள், ஆனால் நகரத்தின் இடத்தைத் தீர்மானித்தது அந்தக் காவல் படைதான்.

ஸ்பானியர்கள் வந்தபோது பெரிய போர் நடந்ததா?

அஸ்தெக் தலைநகரம் தெனோச்தித்லான் 1521 ஆகஸ்டில் ஸ்பானியர்களிடம் விழுந்தது. அந்த வருடக் கடைசியிலேயே ஃபிரான்சிஸ்கோ தெ ஒரோஸ்கோ என்பவர் ஒரு படையோடு பள்ளத்தாக்குக்கு வந்துவிட்டார். கூட வந்தவர்களில் பெரும்பாலோர் ஸ்பானியர்களோடு சேர்ந்துகொண்ட பூர்வகுடிப் போர்வீரர்கள். அஸ்தெக் காவலர்கள் கொஞ்சம் எதிர்த்தார்கள். சபோதெக் தலைவர்களோ ஸ்பானியப் படையெடுப்பின் தலைவர் கோர்த்தெஸுக்கு முன்கூட்டியே தூது அனுப்பியிருந்தார்கள், அவர்களுக்கு அப்போது அஸ்தெக்குகளும் மிஷ்தெக்குகளும்தான் பெரிய எதிரிகள். பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு இன்று நாம் அவர்களைக் குறை சொல்வது சுலபம், ஆனால் அன்றைக்குக் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது யோசித்து எடுத்த அரசியல் முடிவு. உயிரும் நிலமும் ஓரளவுக்குத் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பள்ளத்தாக்கை உலுக்கிய பெரிய அழிவு வாளால் வரவில்லை, நோயால் வந்தது. படையெடுப்புக்கு முன் சுமார் 3,50,000 பேர் பள்ளத்தாக்கில் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பெரியம்மை, தட்டம்மை, 1540-களிலும் 1570-களிலும் வந்த பெரும் கொள்ளைநோய்கள் எல்லாம் சேர்ந்து, பதினேழாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அது ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளாமல் அந்த ஊரின் அழகான தேவாலயங்களைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் கருத்து. அவற்றைக் கட்டியவர்கள் இந்தச் சாவுகளுக்கு நடுவில் கட்டினார்கள்.

கோர்த்தெஸுக்கும் இந்த ஊருக்கும் என்ன தகராறு?

பள்ளத்தாக்கு முழுவதையும் அவர் தனக்கென்று வைத்துக்கொள்ள நினைத்தார். அங்கே குடியேறிய ஸ்பானியர்களைக் கடற்கரைப் பக்கம் துத்துதெபெக்குக்கு அனுப்பினார், அவர்கள் வெயிலும் பூச்சியும் தாங்காமல் திரும்பி வந்துவிட்டார்கள். கோர்த்தெஸ் ஸ்பெயினில் இருந்த சமயம் பார்த்து, அவருக்கு எதிரான புதிய அரசு மன்றம் 1529-இல் இந்தக் குடியிருப்பை முறைப்படி அமைத்தது. அதே வருடம் அரசர் கோர்த்தெஸுக்கு "வஹாகாப் பள்ளத்தாக்கின் மார்க்கி" என்ற பட்டத்தையும் 23,000 குடிகளையும் கொடுத்துவிட்டார்!

விளைவு என்னவென்றால், ஸ்பானிய நகரத்தைச் சுற்றிப் பல ஊர்கள் கோர்த்தெஸின் சொத்து. நகரவாசிகளுக்கு ஊர் எல்லையைத் தாண்டினால் நிலம் கிடைப்பதே கஷ்டம். இதனால் பதினாறாம் நூற்றாண்டு முழுவதும் அந்தெகேரா ஒரு ஏழை ஊராகவே கிடந்தது. 1535-இல் ஆயர் பீடம் வந்தது, டொமினிக்கன் துறவிகள் வந்தார்கள், பணம் மட்டும் வரவில்லை.

தெருக்கள் இவ்வளவு நேராக இருக்கின்றனவே, யார் போட்டது?

அலோன்சோ கார்சியா பிராவோ. மெக்சிகோ நகரத்துக்கும் அவர்தான் திட்டம் போட்டவர். நடுவில் ஒரு சதுக்கம், அதிலிருந்து சம அளவில் விரியும் கட்டங்கள். ஆனால் அந்தக் கட்டங்களுக்கு வெளியே பார்த்தால்தான் ஊரின் உண்மை தெரியும். ஸ்பானியர்கள் பக்கம் நின்று சண்டை போட வந்த நவாத் மொழி பேசும் வீரர்கள் ஹலத்லாகோ, சோச்சிமில்கோ, மெஷிகாபான் பகுதிகளில் குடியேறினார்கள். நாளாக ஆக ஹலத்லாகோவில் சபோதெக், மிஷ்தெக் கைவினைக்காரர்களும் வந்து சேர, ஒரே தெருவில் நாலைந்து மொழி கேட்கும் பேட்டையாக அது மாறியது. கட்டத்துக்கு உள்ளே வாழ்ந்தவர்களின் ரொட்டி, செருப்பு, செங்கல், துணி எல்லாவற்றுக்கும் வெளியே இருந்தவர்களின் கைகள் தேவைப்பட்டன.

ஏழை ஊர் எப்படிப் பணக்கார ஊரானது?

ஒரு பூச்சியால். இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சப்பாத்திக்கள்ளியின் ஒரு வகை மேல் வாழும் கொச்சினீல் பூச்சியின் பெண்ணை நசுக்கினால் ஆழ்ந்த சிவப்பு வரும். அதை வளர்த்துச் சாயமெடுக்கும் கலை ஸ்பானியர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே இருந்தது, அஸ்தெக்குகளுக்குக் கப்பமாகவும் போனது. அந்த நாள் ஐரோப்பாவில் இதற்கு ஈடான சிவப்பு கிடையாது. கர்தினால்களின் அங்கி, அரண்மனைத் திரை, ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளின் சிவப்புச் சட்டை எல்லாம் இதைக் கேட்டன. புதிய ஸ்பெயின் என்று அழைக்கப்பட்ட அன்றைய மெக்சிகோவின் ஏற்றுமதியில் வெள்ளிக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

வேலை சுலபமில்லை. கள்ளியை நட்டு வளர்க்க வேண்டும், சினைப் பூச்சிகளைச் சிறு கூடுகளில் வைத்து மடல்களில் பொருத்த வேண்டும், கோழி, பல்லி, மற்ற பூச்சிகள் தின்னாமல் காக்க வேண்டும், மழையும் குளிரும் படாமல் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் பூச்சிகளைக் கூடையில் வைத்து மலைப்பக்கம் தூக்கிப்போய், மழை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் கூட உண்டு. மூன்று மாதம் கழித்து ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்து, வெந்நீரிலோ சூட்டிலோ கொன்று காய வைப்பார்கள். ஒரு பவுண்டு காய்ந்த சாயத்துக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும்! வீட்டுக் கொல்லையில் குடும்பம் மொத்தமும் பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலை இது. பெரிய பண்ணைகளில் கூலியாட்களை வைத்துச் செய்ய முயன்றவர்களுக்குச் சரிப்படவில்லை. அதனால் உற்பத்தி கடைசிவரை பூர்வகுடிக் கிராமங்களின் கையிலேயே இருந்தது.

1758-இலிருந்து வஹாகாவில் பதிவு அலுவலகம் வைத்துக் கணக்கெழுதினார்கள். 1774-இல் மட்டும் 15 லட்சம் பவுண்டுக்கு மேல் பதிவாகியிருக்கிறது. வணிகர்கள் வீடு கட்டினார்கள், பச்சை நிறக் கல்லில் மாளிகைகள் எழுந்தன, ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரக் கல்வளைவுக் கால்வாய் வந்தது, 1792 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை சுமார் 18,000.

லாபம் கிராமத்துக்காரர்களுக்குப் போனதா?

கொஞ்சம் போனது, பெரும்பங்கு போகவில்லை. மாவட்ட அதிகாரிகள் வணிகர்களிடம் கடன் வாங்கி, கிராமத்தாரிடம் ஒரு பவுண்டுக்கு வழக்கமாக 12 ரியால் முன்பணம் கொடுத்துவிடுவார்கள். அறுவடையில் சாயமாகத் திருப்பித் தர வேண்டும். சந்தையில் விலை அதைவிட மேலே இருக்கும்போது வித்தியாசம் அதிகாரிக்கு. கூடவே மாடு, கோவேறு கழுதை, துணி எல்லாம் அதிக விலைக்குக் கடனில் தள்ளிவிடுவார்கள். 1660-இல் தெவாந்தெபெக்கில் இப்படிக் கசக்கிய அதிகாரியை மக்கள் கூடிக் கொன்றே போட்டார்கள், கலகம் பக்கத்து மாவட்டங்களுக்கும் பரவியது. 1786-இல் ஸ்பானிய அரசு இந்த முறையைத் தடை செய்தது.

வேறு யாரும் கடன் கொடுக்காத இடத்தில் அது ஒரு கடன் வசதியாகவும் இருந்தது, மக்கள் விரும்பியே வாங்கினார்கள் என்று சில வரலாற்றாளர்கள் வாதிடுகிறார்கள். தடைக்குப் பிறகு உற்பத்தி சரிந்ததைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கடன் கொடுப்பவரே நீதிபதியாகவும் சிறைக்காவலராகவும் இருக்கும்போது "விரும்பி" என்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நிலம் யாரிடம் இருந்தது?

மெக்சிகோவின் வடக்கே போனால் பெரிய பெரிய பண்ணைகள் கிராமங்களை விழுங்கிய கதைதான். வஹாகாப் பள்ளத்தாக்கில் அப்படி நடக்கவில்லை. ஸ்பானிய ஆட்சி முடியும்போதும் பெரும்பகுதி நிலம் பூர்வகுடிக் கிராமங்களிடமும் அவர்களுடைய பரம்பரைத் தலைவர்களிடமும் இருந்தது. கோர்த்தெஸின் உரிமை மற்ற ஸ்பானியர்களைத் தடுத்தது, சாயம் கிராமத்தாரை நிலத்தோடு சேர்த்து வைத்திருப்பதையே லாபமாக்கியது, கிராமங்கள் விடாமல் வழக்கும் போட்டன. சபோதெக்கிலும் மிஷ்தெக்கிலும் எழுதிய உயில்கள், எல்லை வரைபடங்கள், விற்பனைப் பத்திரங்கள் ஆவணக் காப்பகங்களில் இன்றும் இருக்கின்றன.

தேவாலயங்கள் ஏன் குட்டையாக, பருமனாக இருக்கின்றன?

நிலநடுக்கம். பேராலயம் திரும்பத் திரும்ப அடிவாங்கி, இப்போதிருக்கும் வடிவில் 1733-இல் அர்ப்பணிக்கப்பட்டது. டொமினிக்கன் துறவிகளின் சாந்தோ டொமிங்கோ தேவாலயம் 1570-களில் தொடங்கி, முடியாமலேயே 1608-இல் பயன்பாட்டுக்கு வந்தது, உள்ளே பொன் வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும்.

சென்னைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. ஸ்பெயின் சாயத்தின் ரகசியத்தைப் பூட்டி வைத்திருந்ததால் மற்ற நாடுகள் பூச்சியைத் திருட முயன்றன. 1777-இல் தியேரி தெ மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் மருத்துவர் வேடத்தில் வஹாகாவுக்கே போய்ப் பூச்சியோடு கள்ளியைக் கடத்தினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதே ஆசையில் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து ஒரு கப்பலில் பூச்சி வந்தது, ஆனால் அது காட்டு வகை, வஹாகாவில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துத் தேர்ந்த பூச்சி இல்லை. சாயம் தரம் குறைவு, திட்டம் தேறவில்லை. பூச்சியைக் கொண்டுவந்தால் போதும் என்று நினைத்தவர்களுக்கு, அதை வளர்க்கத் தெரிந்த கைகளும் வேண்டும் என்பது பிடிபடவில்லை.

சாய வணிகம் எப்படி முடிந்தது?

மெக்சிகோவின் விடுதலைப் போர், குவாத்தமாலா, கானரித் தீவுகளின் போட்டி, 1856-க்குப் பிறகு வந்த செயற்கைச் சாயங்கள். அவ்வளவுதான்.

கெலகெட்சா விழா பழங்காலத்து விழாவா?

ஜூலையில் ஃபோர்த்தீன் மேட்டில் நடக்கும் இந்த நடன விழா இன்றைய வடிவில் 1932-இல் தொடங்கியது. முந்தின வருட ஜனவரியில் ஊரை நிலநடுக்கம் பெரிதாகச் சிதைத்திருந்தது, அதோடு நகர அந்தஸ்தின் 400-ஆவது ஆண்டும் சேர்ந்துகொண்டது. ஆனால் கெலகெட்சா என்ற வழக்கம், அதாவது கல்யாணத்துக்கோ சாவுக்கோ ஒரு வீட்டுக்கு மற்றவர்கள் சோளமும் உழைப்பும் கொடுத்து, கணக்கு வைத்துப் பின்னால் திருப்பி வாங்குவது, சபோதெக் கிராமங்களில் மிகப் பழையது. மேடையை விட எனக்கு இந்த வழக்கம்தான் பெரிதாகத் தெரிகிறது.

போனால் எந்த வரிசையில் பார்க்கலாம்?

காலையில் வெயில் ஏறுமுன் மோந்தே அல்பான், நகரத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். மதியம் சாந்தோ டொமிங்கோவின் பழைய மடம், ஏழாம் கல்லறைப் பொருட்கள் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, பக்கத்துத் தாவரத் தோட்டத்தில் பூச்சியோடு கள்ளியையும் காட்டுவார்கள். மோந்தே அல்பானும் நகர மையமும் 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஒரே பதிவாகவே சேர்ந்தன, அதனால் ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பதுதான் சரி. ஞாயிறு கிடைத்தால் த்லகொலூலா சந்தையையும் மித்லாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே சாலையில்தான். சந்தை மதியத்துக்குள் நிரம்பிவிடும், முதலில் அதற்குப் போய்விட்டு அப்புறம் மித்லாவுக்கு வண்டி ஏறுங்கள்.